திறவாத மடைமுறைக் கோப்புகள்

திங்கள் உள்ளளவும் தேயாத தரவுடையதும், ஒரு கோப்பேனும் தொலைந்ததென்ற பழிச்சொல்லை மூவுலகிலும் கேளாத ஒரே தேசமுமாகிய வெண்கதிர் நாட்டின் கணினிப் பேரமைச்சன், சர்வர்காவலர் திலகம் குமுதவாணன், ஆற்றின் கீழ்க்கரையில் நெடுந்துறை நாட்டின் தரவுக் களஞ்சியம் காக்கும் பேரமைச்சர் நப்பின்னையார் சமுகத்துக்கு வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் அரசியார் நலம் பெறுக. தங்கள் வயல் விளைக. தங்கள் மின்சாரம் இடையறாது ஓடுக.

மேற்படி விருதுகள் எழுத்தாணிப் பழக்கத்தால் வந்துவிட்டன. கோப்பு தொலையாத விருதை மட்டும் தயைகூர்ந்து விலக்கி வாசிக்கவும்.

மூல சர்வர் கெட்டால் உதவவெனக் கோப்புகளின் படிகளை வைத்திருக்கும் எம் காப்பு சர்வரை விண்டோஸ் தளத்திலிருந்து லினக்ஸ் தளத்துக்குக் குடிபெயர்க்க அரசர் ஆணையிட்டபோது, புதிய பெட்டியில் கோப்புகளைத் திறந்து பார்க்கும்வரை பழைய பெட்டியை அழிக்க வேண்டாமெனத் தாங்கள் பரிவுடன் எழுதினீர்கள். அதற்கு அடியேன் விடுத்த மறுவோலையும் நினைவிருக்கும். நெடுந்துறையார் புதுமனை புகுந்த பின்னும் பழைய வீட்டுச் சாவியை இடுப்பில் செருகித் திரிபவர் என்றும், தாலி கட்டிய கையோடு முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பவர் என்றும் அதில் வரைந்திருந்தேன். அனுப்புமுன் சபையில் உரக்க வாசிக்கவும் செய்தேன். நல்ல கைதட்டல்.

எம் நாட்டில் எந்தப் பெட்டியை அழிப்பதற்கும் அரண்மனைச் சோதிடர் முகூர்த்தம் குறிப்பது வழக்கம். படியெடுப்பு முடிந்து கோப்புகளின் பெயர்கள் திரையில் வரிசையாகத் தோன்றியபோது முகூர்த்தம் கழியும் தறுவாயில் இருந்தது. ஒன்றைத் திறந்து பார்க்கவும் பொழுதில்லை. நாதசுரம் முழங்கப் பழைய பெட்டியை அழித்தேன். கோப்புகளுக்கு இட்டிருந்த பூட்டின் திறவுகோல் அப்பெட்டிக்குள்ளேயே இருந்ததைப் பின்னர்தான் அறிந்தேன்.

எப்போது அறிந்தேன் என்றால், சென்ற வாரம் இடி விழுந்து மூல சர்வர் கருகியபோது. அதனாலென்ன, காப்பு இருக்கிறதே என்று அரசர் முன் மீசையை நீவிய பிறகு. காப்பில் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, திறக்கத்தான் இல்லை. எந்த ஊருக்கு எந்நாள் மடை திறப்பதென்னும் மடைமுறை முழுதும் அதற்குள் கிடக்கிறது. மேலக்குடியாரும் தாழைப்பற்றாரும் மண்வெட்டியோடு மடையில் நிற்கின்றனர். இன்று தம் முறையே என இரு சாராரும் சத்தியம் செய்கின்றனர். இடையில் நாற்று பழுக்கிறது. தாழைப்பற்றுத் தலைவி வள்ளியாத்தாள், "பேரை வாசிச்சா தண்ணி வருமாய்யா? அந்தப் பொட்டியத் தூக்கி மடையில வைங்க, அடைக்கவாச்சும் ஆகும்" என்று விண்ணப்பித்ததைக் கேட்டு அரசர் சிரித்தார். அடியேனைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார். அதுதான் தாங்கவில்லை.

ஆறு பொதுவாகையால் மடைமுறையின் படியொன்று ஆண்டுதோறும் தங்களுக்கு வருவதுண்டு. அதைத் திறக்கும் நிலையில் வைத்திருப்பீர்கள். நாற்று கருகுமுன், கைகலப்பில் எவரேனும் விழுமுன், அனுப்பியருள வேண்டுகிறேன். அடியேனின் மறுவோலைக்கு மட்டும் தங்களிடம் படி இல்லாதிருக்க வேண்டும். இருக்கும் என்றும் அறிவேன்.

தூதன் குதிரையோடு வாசலில் நிற்கிறான். எங்கும் தங்காது செல்லுமாறு அவனுக்குக் கட்டளை. இவ்வோலைக்குப் படியொன்று எடுத்து, அதைப் பிரித்து, முதலெழுத்திலிருந்து இவ்வரி வரை வாசித்துப் பார்த்தேன். வாசிக்க வருகிறது. இனி மூலத்தில் அரக்கிட்டுக் கதிர் முத்திரை பதித்து அவன் கையில் கொடுக்கிறேன்.