லைன் நல்லாத்தான் இருக்கு

3 மார்ச் 1997, திங்கள்

பெட்டி வந்து சேர்ந்தது. லிப்டில் நுழையவில்லை, நான்கு பேர் மூன்று மாடி தூக்கி வந்தார்கள். முப்பத்து மூன்று அங்குல டிவி, அதன் மேல் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஒரு கேமரா. இனி எங்கள் முதலாளி சோமசுந்தரம் கோலாலம்பூர் ஆபீசில் உட்கார்ந்தபடியே கிள்ளான் கையுறைத் தொழிற்சாலையோடு முகம் பார்த்துப் பேசுவாராம். காரில் போனால் முக்கால் மணி நேரம். ஆனால் அங்கே ரப்பர் பால் நாற்றம் அடிக்குமே.

வாங்கி வந்தவர் முதலாளியின் மருமகன் பெரியகருப்பன். இங்கிலாந்தில் மூன்று வருஷம் படித்த பிறகு பெர்ரி. "ஜஸ்ட் பிளக் இன் பண்ணுங்க கலா, அவ்ளோதான் லா."

"எத்தனை லைன் சார் கேட்டிருக்கீங்க?"

"லைனா? அதான் போன் லைன் இருக்கே."

பதினோரு வருஷமாக இந்த ஆபீசின் போன், டெலெக்ஸ், பேக்ஸ் எல்லாம் என் கையில்தான். வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டால் வாய் வலித்திருக்குமா?

19 மார்ச், புதன்

இரண்டு பக்கமும் மும்மூன்று ஐ.எஸ்.டி.என். லைன் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பெர்ரி மூன்றை அடித்துவிட்டு ஒன்று என்று போட்டார். ஒரு லைன் என்றால் நொடிக்கு 128 கிலோபிட். அதற்குள் படமும் போகவேண்டும், குரலும் போகவேண்டும். மினி பஸ்ஸில் கல்யாண வீட்டாரை ஏற்றுவது மாதிரி. சொன்னேன். "காட் இட், காட் இட்" என்றார். ஒன்றும் காட் ஆகவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

25 மார்ச், செவ்வாய்

முதல் சோதனை. கிள்ளானில் எதிரே உட்கார ஆள் கேட்டேன். வீரம்மா அக்காவை அனுப்பினார்கள். பேக்கிங் பகுதி சூப்பர்வைசர், நாற்பத்தெட்டு வயது, இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். இத்தனை நாளும் போனில் மட்டுமே கேட்ட குரல்.

பெட்டியில் வரும்போதே குரலுக்கு 64 ஒதுக்கியிருந்தது. மிச்சம் பாதிதான் படத்துக்கு. அக்கா தலையை ஆட்டினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. குரலை 16-க்கு இறக்கினேன். பேச்சு கொஞ்சம் தகர டின்னுக்குள்ளிருந்து வருவது போல ஆயிற்று; ஆனால் படத்துக்கு நூறுக்கு மேல் கிடைத்தது. நொடிக்குப் பதினைந்து படம் போதும் என்று வைத்தேன். மூக்கும் வாயும் அதனதன் இடத்துக்கு வந்தன.

"அக்கா, ரொம்ப ஆடாதீங்க."

"நான் எங்கம்மா ஆடுறேன்? உன் டிவிதான் ஆடுது."

ரொம்ப நாளைக்குப் பிறகு ஆபீசில் சத்தமாகச் சிரித்தேன். கணக்கு எழுதுகிற கெரானிகள் எட்டிப் பார்த்தார்கள்.

28 மார்ச், வெள்ளி

முதலாளி கட்டம் போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார். கட்டங்கள் திரையில் புழுவாக நெளிந்தன. சட்டையின் ஒவ்வொரு கோட்டுக்கும் லைனில் இடம் வேண்டும், வெறும் நிறச் சட்டை நல்லது என்று பணிவாகத்தான் சொன்னேன். "நான் என்ன சட்டை போடணும்னு நீ சொல்றியா?" அந்த நெளிகிற சட்டையோடேயே பேசினார். கிள்ளான் மானேஜர் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

5 மே, திங்கள்

இன்று லண்டன் வாடிக்கையாளரோடு பேச்சு. சாப்பிட்டு வருவதற்குள் பெர்ரி என் அமைப்புகளை மாற்றி வைத்திருக்கிறார்: குரல் 64, படம் நொடிக்கு முப்பது. எது பெரிய எண்ணோ அது நல்லது! அவருக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். நான்காம் நிமிஷம் லண்டன்காரர் சிரித்தார்: டை கட்டிய சதுரங்கப் பலகையோடு பேசுவது போல இருக்கிறதாம். ஐந்தாம் நிமிஷம் படம் உறைந்தது. முதலாளி வாய் திறந்தபடி அப்படியே நின்றார்.

"கலா, என்ன செஞ்சு வச்சிருக்கே?" என்றார் முதலாளி, எல்லார் முன்னாலும். நான் பெர்ரியைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

கோழை. அதுவும் டை கட்டின கோழை.

12 ஜூன், வியாழன்

மூன்று லைன் வந்துவிட்டது. 384. நொடிக்கு முப்பது படம், குரலும் கண்ணாடி மாதிரி. வீரம்மா அக்காவின் மூக்குத்திக் கல் மின்னுவது தெரிந்தது. பெர்ரியின் யோசனை என்று மாதாந்திரக் கூட்டத்தில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் அதற்கும் ஏதாவது சொல்வார்கள்.

30 அக்டோபர், வியாழன்

டாலருக்கு ரிங்கிட் மதிப்பு இன்னும் இறங்கியது. ஆபீசில் எல்லாரும் திடீரென்று பொருளாதார நிபுணர்கள்.

18 நவம்பர், செவ்வாய்

முதலாளி திரை வழியாகக் கிள்ளானுக்குச் சொன்னார்: "யாரையும் நிறுத்த மாட்டேன். இந்தப் பெரிய ஆர்டரை முடிச்சுக் கொடுங்க." மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. அங்கே கைதட்டல். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வர ஒத்துக்கொண்டார்கள். முகம் பார்த்துச் சொன்னாரே, அதனால் நம்பினார்கள். அந்த முகத்தைத் தெளிவாகக் காட்டிக் கொடுத்தவள் நான்.

24 பிப்ரவரி 1998, செவ்வாய்

பெர்ரி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். வியாழக்கிழமை கிள்ளான் பேக்கிங் பகுதியை மூடுவதாக முதலாளி அறிவிக்கப் போகிறார். நூற்று நாற்பது பேர். நேரில் போக மாட்டார். ஆர்டர் முடிந்துவிட்டது, இனி போவானேன்?

"கலா, அன்னைக்கு மட்டும் பழையபடி 128-க்கு இறக்கிடுங்க. அவங்க முகம் மாமாவுக்கு ரொம்பத் தெரிய வேணாம். அங்கேர்ந்து வர்ற சத்தமும்... யாராச்சும் கத்தினா புரியாத மாதிரி."

"வேற?"

"பத்து நிமிஷம் ஆனதும் மாமா விரலைக் காட்டுவாரு. லைன் விழுந்த மாதிரி கட் பண்ணிடுங்க."

அவர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே இதைச் சொன்னார். செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். முடியும்தானே? என்ன, நாலு பட்டன்.

25 பிப்ரவரி, புதன்

அக்கா போன் செய்தார். நாளைக்கு என்னம்மா கூட்டம், போனசா? தெரியாதுக்கா என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். பெர்ரியை ஏசுகிற எனக்கும் அவருக்கும் என்னடி வித்தியாசம்?

26 பிப்ரவரி, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலை எட்டு மணிக்கே வந்து இரண்டு பக்கமும் 384 வைத்தேன். குரலுக்கு முழு அளவு. கிள்ளான் கேமராவை இங்கிருந்தே திருப்பி, கேன்டீன் முழுவதும் தெரியும்படி அகலமாக்கினேன். பிறகு மெனுவைப் பூட்டி எண் போட்டேன். இனி என் விரல் இல்லாமல் எதுவும் மாறாது.

பத்து மணிக்கு முதலாளி வந்தார். திரையைப் பார்த்தவர் ஒரு நொடி நின்றார். நூற்று நாற்பது முகம், தனித்தனியாக. பெர்ரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ரிமோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மலாயில் எழுதிக் கொண்டுவந்த தாளை வாசித்தார். தலையே நிமிரவில்லை. முடித்தார். கத்துவார்கள் என்றுதானே பயந்தார்கள்? யாரும் கத்தவில்லை. வீரம்மா அக்கா எழுந்து முன்னால் வந்தார்.

"முதலாளி, உங்க செமினி பேக்டரிக்கு ஆள் தேவைன்னு போன வாரம் பேப்பர்ல போட்டிருக்கீங்க. அதே கையுறைதானே? எங்களை ஏன் கூப்பிடல?"

முதலாளி என் பக்கம் விரலைக் காட்டினார். நான் அசையவில்லை. மறுபடி காட்டினார். "லைன் சரியில்ல போல இருக்கே" என்றார், எனக்குக் கேட்கும்படி.

"இல்ல சார். லைன் நல்லாத்தான் இருக்கு."

அது கிள்ளானிலும் கேட்டது. குரலுக்கு முழு அளவு கொடுத்திருந்தேனே. நூற்று நாற்பது பேருக்கும் கேட்டது.

முதலாளி எழுந்து போய்விட்டார். தாளைக்கூட எடுக்காமல். திரையின் ஓரத்துச் சின்னக் கட்டத்தில் எங்கள் அறை தெரிந்தது: உயர்ந்த முதுகு வைத்த ஒரு வெற்று நாற்காலி. அவர்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கலையவில்லை. நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு நிமிஷம்.

பெர்ரி கதவருகில் நின்றார். அவரும் போய்விடுவார் என்று நினைத்தேன், சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். போகவில்லை. வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல" என்றார். இங்கிலீஷ் ஒரு சொல் இல்லை. "செமினிக்கு யார் யார் வரத் தயார்? ஒருத்தர் ஒருத்தரா வந்து பேர் சொல்லுங்க. எழுதிக்கிறேன். எல்லாரையும் எடுக்க முடியும்னு நான் சொல்ல மாட்டேன்."

முதலில் வந்தது மாரியாயி. ஐம்பத்து நான்கு வயது, சீட்டு ஒட்டுகிற வேலை. கேமராவுக்கு ரொம்பக் கிட்ட வந்து, "தம்பி, நான் அங்க தெரியுறேனா?" என்றாள்.

"தெரியுறீங்க. சொல்லுங்கம்மா."

இரண்டு மணி நேரம் எழுதினார். மலாய்ப் பெயர்களைத் தப்பாக எழுதி, திருத்தி, மறுபடி கேட்டு எழுதினார். சாப்பிடப் போகவில்லை. நான் கோப்பி வாங்கி வந்து வைத்தேன். மே மாதத்தில் அவரைப் பற்றி இதே நோட்டில் எழுதிய சொல்லை அடிக்கப் போவதில்லை. அன்று அது சரி.

27 பிப்ரவரி, வெள்ளி

கடிதம். உத்தரவை மீறியதால் செமினிக்கு மாற்றம், ஸ்டோர் கெரானியாக. நீக்கவில்லை. நீக்கினால் தொழிலாளர் இலாகாவுக்குப் போய் ஏன் என்று சொல்லிவிடுவேன் என்ற பயம். ஏசி அறையில் இருந்தவளுக்கு ஸ்டோர் தண்டனையாம்! முதலாளியின் கற்பனை அதற்கு மேல் போகாது.

16 மார்ச், திங்கள்

பட்டியலோடு பெர்ரி மாமனாரிடம் மூன்று தடவை போனாராம். செமினிக்கு அவரைத்தான் மானேஜராகப் போடுவதாக இருந்தது. முதல் தடவை முதலாளி தாளைக் கிழித்திருக்கிறார். மூன்றாவது தடவை, "இவங்களை எடுக்கலைன்னா செமினிக்கு வேற மானேஜர் பாத்துக்குங்க" என்றிருக்கிறார் பெர்ரி. முதலாளியின் செயலாளர் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு வந்து சொன்னாள். அறுபத்து நான்கு பேருக்கு வேலை. வீரம்மா அக்கா உண்டு. ஐம்பதைத் தாண்டியவர்கள் ஒருவரும் இல்லை, மாரியாயி இல்லை.

அறுபத்து நான்கு. எழுபத்தாறு பேர் வெளியே. யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம்.

4 மே, திங்கள்

கிள்ளானிலிருந்து வருகிற கம்பெனி பஸ் காலை ஆறு மணிக்கு பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நிற்கிறது. அக்கா எனக்காக ஜன்னலோர இடத்தைப் பை வைத்துப் பிடித்து வைத்திருந்தார். செராஸ் தாண்டும்வரை அவர் மகனுக்குப் பெண் பார்க்கிற கதை. பிறகு பையிலிருந்து ஒரு நாசி லெமாக் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

"மாரியாயி கட்டுனது. பஸ் ஏறுற இடத்துல மேசை போட்டிருக்கா. நாங்க ஆளுக்கு ரெண்டா வாங்குறோம்."

நான் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். காஜாங் வருவதற்குள் பிரித்தேன். தேங்காய்ப்பால் சோறு குழைந்திருந்தது, மிளகாய்ச் சம்பல் ஒரே இனிப்பு.

"எப்படி இருக்கு?" என்றார் அக்கா.

"நாளைக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்கக்கா" என்றேன்.