மொக்கையன் கூட்டம்

கோபாலபுரம்,
ஆடி, 1974

அன்புள்ள அய்யாவுக்கு, குருசாமி வணங்கி எழுதுவது. நான் சுகம். மூணாற்று மழையில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

நேற்று ஒரு வேடிக்கை. எங்கள் மில் முதலாளி மகன் அர்த்தநாரிக்கு என் வயதுதான். இங்கே வம்சத்தைக் கூட்டம் என்பார்கள். தன் கூட்டம் காங்கேயத்திலிருந்து மாடு ஓட்டி வந்த கதையை, வழியில் தங்கிய ஊர்களை அடுக்கிச் சொன்னான். அவன் மில்லையும் வயலையும் பார்த்து வராத பொறாமை அப்போது வந்தது.

"ஏம்ப்பா, நீயி என்ன கூட்டம்?" என்றான்.

"மொக்கையன் கூட்டம்" என்றேன்.

"அட, பெரிய கூட்டமாட்ட இருக்குதுங்களே! உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

தாத்தாவைப் போடிமெட்டு வழியாக மலையேற்றி, கூலியில் பாதியைத் தின்ற கங்காணிதான் மொக்கையன் என்று அவனுக்குத் தெரியாது. நாம் குடியிருக்கும் லயத்து வீடுகளை இன்றும் அந்தத் திருடன் பெயரில்தானே சொல்கிறார்கள்!

தாத்தா எந்த ஊர்? அங்கே நம் வீட்டை எப்படிச் சொன்னார்கள்? யாரிடமாவது விசாரித்து எழுதுங்கள். தேயிலைத் தூளும் கொடுத்துவிடுங்கள். இங்கே டீயை வாயில் வைக்க முடியவில்லை.

மில் சங்கு ஊதிவிட்டது. அந்த நாற்காலியில் நான் இன்னும் உட்காரவில்லை, அய்யா.

உங்கள் மகன்,
குருசாமி