பாதி முள், பாதி வழவழப்பு

அன்புள்ள கணவனுக்கு,

நான் நலம். அத்தையும் நலம், முட்டிவலி குறைந்திருக்கிறது. ஃபோனை நான் எடுப்பதில்லை என்று அவரிடம் புகார் சொன்னாயாம். எடுத்தால் கத்துவேன். பக்கத்து அறையில் உன் அம்மா இருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று ஆய்வகத்தில் நம் வழிகாட்டி சார் கூப்பிட்டு, நம் ஆய்வுக் கட்டுரைக்கான கடைசிப் படத்தைக் காட்டினார். "எவ்ளோ சுத்தமா வந்திருக்கு பாரும்மா! உன் வீட்டுக்காரர் அங்கேர்ந்தே முடிச்சுக் குடுத்துட்டார்" என்றார். வைரஸின் ஓடு முழுக்க வழவழவென்று இருந்தது. என் பாதி முள் வைரஸ் துகள்கள் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் உடைஞ்சதும்மா. அவரே குப்பைன்னு ஒதுக்கிட்டார்."

குப்பையா? உனக்கே என்னைப் பாடம் எடுக்க வைக்கிறாய். முதிராத வைரஸ் முள்முள்ளாக இருக்கும். செல்லை விட்டு வெளியேறும் வழியில் அமிலம் பட்டதும், மும்மூன்றாக நிமிர்ந்து நின்ற ஓட்டுப் புரதங்கள் இரண்டிரண்டாகப் படுத்துக்கொள்ளும். அங்கே அவற்றை மூடிக் காக்கும் காவல் துண்டு வெட்டுப்பட வேண்டும். வெட்டுப்படாத இடத்தில், வெளியே வந்ததும் மறுபடி முள் எழும்பிவிடும். அப்படி ஒரு பக்கம் முள்ளும் மறுபக்கம் வழவழப்புமாக இருப்பவைதான் என் துகள்கள். அவையும் தொற்றும் என்று காட்டத்தான் இத்தனை வருடம் மாரடித்தேன்.

நீயோ எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருக்கும் என்று கணினிக்குச் சொல்லிச் சராசரி எடுத்திருக்கிறாய். ஒரு பக்கம் வேறாக இருப்பது அதில் எப்படித் தேறும்? புதிதாகச் சேர்ந்தவர்கள் தெரியாமல் செய்கிற தப்பு இது. நீ தெரிந்தே செய்தாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒதுக்கியவற்றை எடுத்து, அந்தக் கட்டளை இல்லாமல் மறுபடி போட்டுப் பார்த்தேன். திரையை எட்டிப் பார்த்த அத்தை, "என்னடி இது, பாதி ஷேவிங்ல கரண்டு போன உன் புருஷன் மாதிரி இருக்கு" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்ததற்காகவும் உன் மேல்தான் கோபம் வந்தது.

அந்தப் படத்தைச் சாரிடம் கொண்டுபோனேன். "ரெண்டு பேரும் வீட்ல பேசி முடிவுக்கு வாங்கம்மா. புருஷன் பொண்டாட்டி சண்டைல நான் வரமாட்டேன்" என்றார். என் வேலையை வீட்டுச் சண்டையாக்கிவிட்டாய்.

அங்கே உன் புது ஆய்வகத்தில் எனக்கும் ஒரு இடம் பார்த்திருக்கிறாயாம், சாரின் சிபாரிசு வந்தால் போதுமாம். அத்தை சந்தோஷமாகச் சொன்னார். அதற்காகத்தான் சார் கேட்டபடி படத்தைத் துடைத்துக் கொடுத்தாயா? அப்படி வருகிற இடம் எனக்கு வேண்டாம். உன் பக்கத்து மேஜையாகவே இருந்தாலும் வேண்டாம்.

கட்டுரை திங்கட்கிழமை போகிறது. ஓடு முழுவதும் முள்ளிலிருந்து வழவழப்புக்கு ஒரே தாவலில் மாறுவதாக அதில் எழுதியிருக்கிறது. என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் உன் பெயரும் அதில் இருப்பதால், உன் சம்மதம் இல்லாமல் கட்டுரையை அனுப்ப முடியாது. என் படத்தை இதோடு இணைத்திருக்கிறேன். முழுதாகப் பார். பிறகு சாருக்கு என்ன எழுதுவது என்று நீயே முடிவு செய்.

வேளைக்குச் சாப்பிடு. நீ நேர்மையானவன் என்று உன் அம்மா தினமும் என்னிடம் சொல்கிறார். நான் அவரை மறுத்துப் பேசும்படி வைத்துவிடாதே.

கோபம் ஆறாத,
உன் மனைவி