நம்ம ஒயர்தானே

செவ்வாய், இரவு.

மருந்தடிக்கிற ட்ரோனைக் கிளப்பும் முன் வரப்பைச் சுற்றி நடந்து பார்ப்பது என் பழக்கம். இன்று நீடாமங்கலத்துப் பக்கம் ஒரு வயல்காரர், "ஒயரெல்லாம் கிடையாது தம்பி, வெயில் ஏறுறதுக்குள்ள அடிச்சு விடுங்க" என்று ஒரே பிடியாக நின்றார். அப்படியும் நடந்தேன். நடுவயலில் மூங்கில் நட்டு மோட்டாருக்குக் கரண்டு இழுத்திருக்கிறார் மனுஷன்! ட்ரோன் அதில் மோதியிருந்தால் பக்கத்து வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் தலையில் விழுந்திருக்கும். கேட்டால், "அது நம்ம ஒயர்தானே" என்கிறார். நம்ம ஒயர் என்றால் ட்ரோன் ஒதுங்கிப் போகுமா?

அதே எரிச்சலில் பைக்கோடு வீட்டு வாசலில் நுழைந்தேன். மனைவி புதிதாகக் கட்டியிருந்த துணிக்கொடி கழுத்தைச் சிராய்த்துவிட்டது.

"பார்த்து வரக் கூடாதா?" என்றாள்.

நம்ம வாசல்தானே என்று வாய் வரை வந்தது. முழுங்கிவிட்டேன்.