மச்சினனும் நானும் மட்டு மதிப்பும்

மார்ச் 3
வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். வானிலை நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாகக் காற்றழுத்தம் குறிக்கும் நான், | p − 1010 | = 2 என்ற கணக்கில் இரு ஓரமும் நிற்கும் மட்டு மதிப்புக் கோடுகளை 'ஒன்று' என்றே வாசித்து வந்திருக்கிறேன். பதவி உயர்வுத் தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியது சும்மா இல்லை.

இந்த முறை ஒரே ஓர் இடம். போட்டி எனக்கும், என் கீழே வேலை பார்க்கும் மச்சினனுக்கும். அவன் ஜெயித்தால் நான் அவனை "சார்" என்று கூப்பிட வேண்டும். என் கல்யாணத்தன்று ஐஸ்கிரீம் கேட்டு அழுத பயலை!

மார்ச் 5
மனைவி தையல்காரி. அளவு நாடாவை என் இடுப்பில் சுற்றிக்கொண்டே பாடம் நடத்தினாள். "நடு அளவு ஆயிரத்துப் பத்து. ரெண்டு தப்பினா ஆயிரத்துப் பன்னெண்டும் வரும், ஆயிரத்தெட்டும் வரும். கூடுச்சா கொறைஞ்சுதான்னு அந்தக் கோட்டுக்குக் கவலையில்லீங்க. உங்க இடுப்பு மட்டும்தான் ஒரே பக்கமா போகுது."

அட, அழுத்தம் காலையில் ஏறி மாலையில் இறங்குவதை தினமும் எழுதுவதே நான்தானே?

மார்ச் 9
குளியலறையில் சமன்பாடு. பஸ்ஸில் சமன்பாடு. இறங்க மறந்தேன்.

மார்ச் 14
தேர்வு. மேகமும் மழையும் உலவும் காற்றடுக்கின் உயரம் துருவத்தில் சுமார் எட்டு கிலோமீட்டர், நிலநடுக்கோட்டில் பதினாறு. ஒரே சமன்பாட்டில் சொல் என்றார்கள். | h − 12 | = 4. எழுதியதும் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. மச்சினன் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். பாவம்தான் — ஆனாலும் ரசித்தேன்.

மார்ச் 27
தலைமை அலுவலக எழுத்தர் போன் செய்தார். "பாஸ் மார்க்குக்கும் உங்களுக்கும் மூணுதான் சார் வித்தியாசம்."

கூடத்தில் ஒரு சுற்று ஆடினேன். மனைவி ஊசியில் நூல் கோத்தபடி, "மேலயா, கீழயா?" என்றாள்.

கேட்கவில்லையே. ஐயோ, கேட்கவே இல்லையே... திரும்ப அடித்தால், அவர் வீட்டுக்குப் போய்விட்டாராம். அதற்குள் மச்சினன் போன்: "அத்தான், எனக்கும் மூணுதானாம்."

மார்ச் 30
பாஸ் மார்க் 50. நான் 53. அவன் 47!

"இனிமே சார்னு கூப்பிடணுமா அத்தான்?"
"வீட்டுல வேணாம்டா." என் பெருந்தன்மை எனக்கே தாங்கவில்லை.

ஏப்ரல் 6
புதிய அறை. நாற்காலி சுழல்கிறது. என் வேலை லீவு லெட்டர்களில் கையெழுத்துப் போடுவது. அறைக்குச் சன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று மச்சினன்தான் வந்து சொல்லிவிட்டுப் போகிறான்.