ஏழுக்கு மேல் இல்லை

ஜூன் 3, செவ்வாய்

வலது விலாவுக்குக் கீழே மறுபடி அதே வலி. தண்ணீர்கூடத் தங்காததால் மருத்துவமனைக்குப் போவது என்று முடிவு செய்தேன். புடவைக்கு இஸ்திரி போட்டு, கொண்டை போட்டு, கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு கிளம்பினேன். சாகப் போனாலும் கசங்கிய புடவையில் போக மாட்டேன்.

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு நர்ஸ். நிமிர்ந்து பார்க்காமலே, வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டாள். யோசித்து, நாலு என்றேன். கையில் பச்சைப் பட்டை கட்டி உட்காரச் சொன்னாள். பச்சை என்றால் காத்திருக்கலாம் என்று பொருளாம். காத்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்து முனகியவர்கள் எல்லாம் உள்ளே போனார்கள். சாய முடியாத பிளாஸ்டிக் நாற்காலி. நான் சாய்கிறவளும் இல்லை. விளக்குப் போடும் நேரத்தில் ஒரு டாக்டர் கூப்பிட்டு, வயிற்றை ஒற்றை விரலால் தொட்டுவிட்டு, வாயு என்றார்.

வாயுவாம்.

ஜூன் 4

மாடியில் இருக்கும் நாத்தனார் இறங்கி வந்தாள். பல்வலிக்கே தெருவைக் கூட்டுகிறவள். நான் நாலு சொன்னதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கல்யாணத்துக்குப் போற மாதிரி போய் நின்னு நாலுன்னா, யாரு அண்ணி உள்ள விடுவாங்க? நானா இருந்தா பத்துக்குப் பதினொண்ணு சொல்லியிருப்பேன்."

சொல்வாள். அவள் கான்வென்டில் படித்தவள் இல்லை. எங்கள் கணக்கு சிஸ்டர் யாருக்கும் ஏழுக்கு மேல் மதிப்பெண் போட்டதில்லை. மிச்ச மூன்றும் மனிதர்களுக்கு உரியவை அல்ல என்பார். நானும் அப்படித்தான். பிரசவ வலிக்கு ஆறு போடுவேன். இவர் போன அன்றைக்கு ஏழு. அந்தக் கணக்கில் இது நாலுதான். பொய்யா சொல்ல முடியும்?

ஜூன் 6

ஐந்து.

ஜூன் 8

மகன் போனில். நாத்தனார் பற்றவைத்துவிட்டாள்.

"தனியா இருந்தது போதும்மா. இன்னொரு தடவை எமர்ஜென்சின்னு போனா, நானே வந்து வீட்டைப் பூட்டிட்டு உன்னைக் கூட்டிட்டு வந்துடுவேன்."

எனக்கு அறை ஒதுக்கியிருக்கிறானாம். வாஷிங் மெஷின் இருக்கும் அறை. நான் என்ன, மழை வந்தால் உள்ளே எடுத்துப் போடுகிற துணியா? வலியே இல்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன் — தரையில், நான்! எழுந்திருக்க வெகு நேரம் ஆனது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் வீடு போகும். போகாவிட்டால்?

ஜூன் 9

குளிர் தூக்கிப் போடுகிறது. போகத்தான் போகிறேன். பூட்ட வரட்டும், பார்க்கலாம். சாவி என் இடுப்பில் இருக்கிறது.

ஜூன் 13, வார்டில்

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது.

அன்றைக்கும் அதே நர்ஸ். ஐந்து என்றேன். மறுபடி பச்சை. கூட வந்த நாத்தனார் எனக்காக அழ ஆரம்பித்தாள். வாயை மூடு என்றேன். பக்கத்தில் ஏணியிலிருந்து விழுந்த ஒரு பெயின்டர், வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு. எவ்வளவு சொன்னீர்கள் என்று கேட்டேன். எட்டாம். கைக்கு எட்டு அதிகம் என்றேன்.

"வலி ஆறுதாம்மா. கை போச்சுன்னா தொழில் போச்சு. அந்தப் பயத்துக்கு ரெண்டு சேர்த்துக்கிட்டேன்."

பயத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு மேஜைக்குப் போனேன். ஏழு என்றேன். கொஞ்சம் பொறுங்க பாட்டி என்றாள், தலை நிமிராமல்.

"நான் உங்களுக்குப் பாட்டி இல்ல. நிமிர்ந்து என்னைப் பாருங்க. என்கிட்ட ஏழுக்கு மேல கிடையாது. என் வீட்டுக்காரர் செத்த அன்னிக்கு ஏழு. இன்னிக்கும் ஏழு."

பார்த்தாள். என் கீழிமையை இழுத்துப் பார்த்தவள் பேனாவைப் போட்டுவிட்டாள். கண் மஞ்சளாக இருந்திருக்கிறது. பச்சைப் பட்டையைக் கத்தரித்துச் சிவப்பைக் கட்டினாள். தள்ளுவண்டியில் படுக்கச் சொன்னார்கள். கொண்டையை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

பித்தப்பை கல் அடைத்து அழுகியிருந்ததாம். ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள் என்று அறுவை டாக்டர் கடிந்துகொண்டார். மூன்றாம் தேதியே வந்தேன், கடிய வேண்டிய ஆள் இந்தக் கட்டிலில் இல்லை என்றேன்.

ஜூன் 14

மகன் வந்திருக்கிறான். முகம் வாடிக் கிடக்கிறது. பெட்டி கட்டவா என்றான். கட்டு, என் வீட்டுக்கு என்றேன். நாத்தனார் ஆர்ப்பாட்டமில்லாமல், "நான் மாடியிலதானே இருக்கேன்" என்றாள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஜூலை 2

காலையில் மகன் போன். இப்போதெல்லாம் தினமும் ஒரே கேள்விதான்.

"இன்னிக்கு எவ்வளவும்மா?"

"மூணு."

"உன் மூணா? அப்ப நான் கிளம்பி வரேன்."

தையல் இழுக்கிறது, வேறொன்றுமில்லை, ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக வா என்றேன். எனக்கு ஒதுக்கிய அறை என்னவாயிற்று என்று கேட்டேன். துணி காயப்போடுகிறார்களாம். நல்லது.

மனத்துக்குள் அவனுக்கு ஏழு போட்டேன். சொல்லவில்லை.