மூன்று ஆரஞ்சு ரிப்பன்கள்

புதன் இரவு, நவம்பர் 12, 2003

அன்புள்ள டெல்லா,

இதை யாருக்கும் காட்டாதே. உன் அம்மாவுக்குக்கூடக் காட்டாதே. முக்கியமாக உன் அம்மாவுக்கு. படித்து முடித்ததும் உங்கள் விறகடுப்பில் போட்டுவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நாளை உன் லாக்கர் இடுக்கில் செருகிவிட்டு நிற்காமல் போய்விடுவேன். என்னைப் பார்த்தாலும் பேசாதே, என் அண்ணன் அதே வராந்தாவில்தான் நிற்பான்.

துணி அலமாரிக்குள் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். தாளை முழங்கால்மேல் வைத்து எழுதுவதால் எழுத்து இப்படி இருக்கிறது.

நேற்று பள்ளி விடுமுறை. வைக்கோல் பரணிலிருந்து உன் அம்மாவைப் பார்த்தேன். ஓடைக்குள் முழங்காலிட்டு, சரளையை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையுறைகூடப் போடவில்லை. அந்தத் தண்ணீர் எப்படிச் சில்லென்று இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உன் வீட்டில் பேசிக்கொள்வது இவ்வளவாகத்தான் இருக்கும்: அக்டோபர் வெள்ளத்தில் மரமும் சேறும் ஓடையை இரண்டு இடத்தில் அடைத்து எங்கள் கீழ்வயல் மூழ்கியது. அந்த இரண்டு இடத்தை மட்டும் தோண்டிவிடலாம் என்று அதிகாரி அனுமதி கொடுத்து, கரையில் கிளைகளில் ஆரஞ்சு ரிப்பன் கட்டிவிட்டுப் போனார். திங்கட்கிழமை மார்வ் மாமா பொக்லைனைக் கொண்டுவந்து ஐந்து இடத்தில் தோண்டினார். கூடுதலாகத் தோண்டிய மூன்று இடத்திலும் சால்மன் முட்டைக்குழிகள் இருந்தன. ஐந்து ரிப்பன் இருந்தது என்று அவர் சொல்கிறார். போய்ப் பார்த்தால் இரண்டுதான் இருக்கிறது. அதனால் அவர் பொய்யர்.

அவர் பொய் சொல்லவில்லை, டெல்லா. மற்ற மூன்றையும் கட்டியது நான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டு எல்லோரும் தூங்கும்போது ஓடைக்குப் போனேன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பால் கறப்பதைத் தவிர எந்த வேலையும் செய்யக் கூடாது. பொத்தான் தைத்தாலே அம்மாவின் முகம் மாறும். மீன் எண்ணுவதும் வேலைதான், அதனால் சொல்லாமல் போனேன். வில்லோ மரக்கன்றுகள் நட்டிருக்கும் வேலிக்கு உள்ளே, மாட்டுக்கொட்டகைக்கும் மேலே, ஒரு பெரிய மீன் பக்கவாட்டில் படுத்து முட்டையிடக் குழி பறிக்க வாலால் சரளையை அடித்துக்கொண்டிருந்தது. மீன் ஏறி வர வழியாகச் சாலைக்கு அடியில் அகலக் குழாய் போட்டு இரண்டு வருடம் ஆகியும் மீன் இவ்வளவு தூரம் ஏறி வந்ததே இல்லை என்று நீதானே சொன்னாய்? வெளுத்த சரளை, கிண்ணம் போலப் பள்ளம். மூன்று குழி எண்ணினேன். சத்தம் போட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது.

செவ்வாய்தோறும் முட்டைக்குழி எண்ண வரும் உன் அம்மா அடையாளத்துக்குக் கட்டுவது இளஞ்சிவப்பு ரிப்பன். அது என்னிடம் இல்லை. அப்பாவின் வண்டியில் ஓர் ஆரஞ்சு ரிப்பன் உருளை கிடந்தது. உன் அம்மா வந்து மாற்றிக்கொள்வார் என்று நினைத்துக் கட்டினேன். அதிகாரி கீழே கட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை.

இதற்கு மேல் எழுதத்தான் பயமாக இருக்கிறது. திங்கள் காலை ஓட்ஸ் கஞ்சி சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்: “இன்னிக்கு மார்வ் வர்றான். ஆரஞ்சு ரிப்பன் எங்கெங்க இருக்கோ அங்க தோண்டுனாப் போதும், ஒரு மணி நேர வேலை.”

நான் கேட்டேன், டெல்லா. காதால் கேட்டேன். அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்பாரே. வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. கஞ்சியை விழுங்கிவிட்டு ஓடிப்போய் ஏறினேன். ஐந்து ரிப்பன் இருந்தால் மார்வ் மாமா வந்து கேட்பார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தபோது சேறு மட்டும்தான் இருந்தது. என் மூன்று ரிப்பனையும் கத்தியால் அறுத்து எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே. அவை என் மெத்தைக்கு அடியில் இருக்கின்றன. அவற்றின்மேல்தான் படுக்கிறேன்.

நேற்று மார்வ் மாமா வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வா என்று அப்பா சொல்லவில்லை.

“ஏன் பீட், எனக்கு அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாதா?”

“நான் ரெண்டுன்னுதான் சொன்னேன், மார்வ்.”

“அப்ப மத்த மூணையும் நான் கனவுல பாத்தேனா?”

“அது எனக்கெப்படித் தெரியும்?”

முப்பது வருட சிநேகிதர்கள். வரும் திங்கள் பத்து மணிக்கு விசாரணை. நீரோடைகளில் வேலை செய்யும் உரிமத்தை அவரிடமிருந்து பிடுங்கப் போகிறார்களாம். இந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் இல்லாத இடத்தில் பொக்லைனுக்கு என்ன வேலை?

முட்டைகள் எல்லாம் செத்துவிட்டனவா? உன் அம்மா என்ன சொன்னார்? நான் என்ன செய்வது?

யாரோ நடக்கிற சத்தம். போதும்.

உன்
கோரி


வியாழன், நவம்பர் 13

கோரி,

எரிக்கவில்லை. யாருக்கும் காட்டவும் இல்லை. கணக்குப் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்திருக்கிறேன். யாராவது அந்தப் புத்தகத்தைத் தொட்டால் பிடுங்கி வைத்துக்கொள்கிறேன். உன் பயத்தில் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டாய், நன்றி.

இன்று ராத்திரிச் சாப்பாட்டில் எங்கள் வீட்டார் புகைபோட்ட மீனைவிட உன் மார்வ் மாமாவைத்தான் அதிகம் மென்றார்கள். “விவசாயிக்குக் கண்ணு ரெண்டு, ரிப்பன் மட்டும் அஞ்சாத் தெரியுது பாரேன்!” என்று ரே மாமா சொன்னதும் மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “நாப்பது வருஷமா வராதது வந்துச்சு. ஒரு நாள் நிம்மதியா இருக்க விட்டானுங்களா?” என்று சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்திவிட்டாள்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், செத்துவிட்டன. இரண்டு குழியில் எல்லாமே வெள்ளையாகிவிட்டன. மூன்றாவதில் ஓரமாகக் கொஞ்சம் மட்டும் நிறம் மாறாமல் இருந்ததாம். அம்மா அதன்மேல் கையாலேயே சரளையை மூடிவிட்டு வந்தாள். பிழைக்குமா என்று கேட்டேன். “இப்ப எதுவும் கேக்காத” என்றாள்.

ரிப்பன் கட்டியதை மன்னித்துவிட்டேன். நல்லது நினைத்துத்தான் கட்டினாய். நானாக இருந்தாலும் கையில் கிடைத்த நிறத்தைத்தான் கட்டியிருப்பேன். ஆனால் கஞ்சியை விழுங்கிவிட்டு பஸ் ஏறினாயே, அதை நான் என்ன செய்வது? காலையிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பயம் பயம் என்று பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். யாருக்குப் பயப்படுகிறாய்? உன் அப்பா அடிப்பாரா?

நான் சொல்ல மாட்டேன். நீ கேட்டுக்கொண்டதால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். ஆனால் திங்கள் பத்து மணிக்கு என் அம்மா அங்கே போய், எல்லோர் முன்னாலும், மார்வ் பொய் சொல்கிறார் என்று சொல்லப் போகிறாள். என் அம்மா யார் மேலும் அபாண்டம் சொன்னதில்லை, கோரி. நீ சொல்ல வைக்கப் போகிறாய்.

திங்களுக்கு முன்னால் எனக்கு மறுபடி எழுது. இல்லையென்றால் எழுதவே எழுதாதே.

டெல்லா


திங்கள், நவம்பர் 17, விடியற்காலை மூன்று மணி

அன்புள்ள டெல்லா,

இதை உன் அம்மாவிடம் காட்டு. முதல் கடிதத்தையும் காட்டு. காலையில் முதல் பஸ்ஸுக்கே வந்து உன் கையில் கொடுக்கப் பார்க்கிறேன், முடிந்தால்.

அப்பா அடிக்க மாட்டார். கத்தவும் மாட்டார். அண்ணன் டிராக்டரைக் கவிழ்த்துவிட்டு மாட்டின் மேல் பழி போட்டபோது, மூன்று வாரம் அவன் பக்கம் திரும்பவில்லை. உப்பு அவன் பக்கத்தில் இருந்தால் அம்மாவிடம் கேட்பார். அம்மா அவனிடம் கேட்டு வாங்கித் தருவாள். நான் அதே மேசையில் உட்கார்ந்திருந்தேன். அடி வாங்கியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

நேற்று ஆராதனைக்கு மார்வ் மாமா வந்தார். எப்போதும் எங்களுக்கு முன் வரிசைதான். பிரசங்கம் தொடங்கியதும் வழக்கம்போலப் பெப்பர்மிண்ட் பொட்டலத்தைத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினார். அப்பா எடுக்கவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டு எடுக்கவில்லை. பொட்டலம் அப்படியே நின்றது. நான் ஒன்று எடுத்தேன்.

முடிந்து வெளியே வந்ததும், வண்டிகள் நிற்கும் இடத்தில், மழையில், என்னைக் கூப்பிட்டார்.

“ஏ குட்டி, கன்னுக்குட்டி எப்டியிருக்கு?”

“நல்லாருக்கு மாமா.”

“கண்காட்சிக்கு அத இழுத்துட்டுப் போனப்ப ஒரு முடிச்சு சொல்லிக்குடுத்தேன். ஞாபகமிருக்கா? ஒரு இழுப்பு இழுத்தா அவுந்துடும்.”

 வாயிலிருந்த பெப்பர்மிண்டைக் கடித்து விழுங்கினேன்.

“ஆபீசர் கட்டுனது ரெண்டும் மொட்ட முடிச்சு. மத்த மூணும் கன்னுக்குட்டி முடிச்சு. பொக்லைன்ல ஒக்காந்திருக்கறப்ப இதெல்லாம் யாரு பாக்கறா? ராத்திரி படுத்தப்பறம்தான் ஞாபகம் வந்துது.”

அவர் கோபமாக இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“நாளைக்கு நான் எண்ணிக்கை தப்பிட்டேன்னு சொல்லிடப் போறேன். ரிப்பனே இல்ல, என் புத்திதான் தப்பு. எனக்கு அறுபத்தி நாலாச்சு, முட்டி ரெண்டும் போச்சு. பொக்லைன வித்துட்டு ஒக்காந்து சாப்பிடறேன். நீ சின்னப் பொண்ணு, உங்கப்பனும் சும்மா இருக்கற ஆளில்ல. வாயத் தொறக்காத, என்ன?”

தலையாட்டினேன். டெல்லா, நான் தலையாட்டினேன். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் எனக்குப் பசித்தது. ஒரு வாரமாகப் பசியே இல்லை. நேற்று மத்தியானம் உருளைக்கிழங்கு இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று என் உடம்புக்குத் தோன்றிவிட்டது. அப்புறம் தட்டைக் கழுவும்போதுதான், நான் மறுபடி அந்தக் கஞ்சியை விழுங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது. இந்த முறை எவ்வளவு சுலபமாக இறங்கியது! என்னைப் பார்த்தே எனக்குப் பயம் வந்தது.

ராத்திரி மூன்று தடவை அப்பாவிடம் போனேன். முதல் தடவை செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை கன்று போடப்போகும் மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். மூன்றாம் தடவை, “என்ன கோரி, தூங்கலியா?” என்றார். தண்ணீர் குடிக்க வந்தேன் என்றேன். குடித்தேன்.

வாயால் எனக்கு வராது. அதனால் எல்லோரும் படுத்த பிறகு ஒன்று செய்தேன். பின்கதவுக்குப் பக்கத்தில் அப்பாவின் ரப்பர் பூட்ஸ் இருக்கும். மூன்று ரிப்பனையும், முடிச்சு அவிழாமல், வலது பூட்ஸுக்குள் போட்டுவிட்டேன். ஒரு காகிதத்தில் “ஞாயிற்றுக்கிழமை நான் கட்டினேன். திங்கட்கிழமை நான் அறுத்தேன். மார்வ் மாமா பொய் சொல்லவில்லை” என்று எழுதி அதனோடு வைத்தேன். மூன்றரைக்குப் பால் கறக்க எழுந்திருப்பார். இடது காலைத்தான் முதலில் போடுவார்.

எடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை பாதிப்படி வரை போனேன். இரண்டாம் தடவை அடுத்த படியிலும் கால் வைத்துவிட்டேன். உன் அம்மா கையுறை இல்லாமல் சரளை அள்ளியது ஞாபகம் வந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

உன் அம்மாவிடம் சொல்: மூன்றாவது குழிக்குப் பக்கத்தில், பெரிய கல்லுக்கு மேலே, சனிக்கிழமை இன்னொரு மீனைப் பார்த்தேன். குழி தோண்டுகிறதா இல்லையா என்று தெரியவில்லை. கிட்டே போகவில்லை. எதையும் கட்டவில்லை.

கீழே அலாரம் அடித்துவிட்டது.

சமையலறை விளக்கு எரிகிறது. காப்பி வாசனை வருகிறது. இன்னும் எடுத்துவிடலாம், ஓடினால் முடியும். ஓடவில்லை. கால் மரத்துப்போயிருக்கிறது.

பின்கதவுக்கு வந்துவிட்டார். இடது பூட்ஸ் தரையில் இடிக்கிறது.

சத்தமே இல்லை.

இவ்வளவு நேரம் ஆகாது. மாடுகள் கத்துகின்றன, அவர் இன்னும் போகவில்லை. காகிதத்தைப் படிக்கிறாரா, கண்ணாடி போட்டிருக்கிறாரா, தெரியவில்லை. போய்விடு அப்பா, முதலில் பால் கற, அப்புறம் வா.

படியேறுகிறார். ஒரு காலில் மட்டும் பூட்ஸ் இருக்கிறது, சத்தத்திலேயே தெரிகிறது. கனமாக ஒன்று, லேசாக ஒன்று. அண்ணன் அறையைத் தாண்டிவிட்டார். நின்றுவிட்டார்.

தட்டுகிறார். “கோரி” என்கிறார். குரலை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. கதவைத் திறக்கப் போகிறேன்.